மேற்குச் சென்னைப் புறநகர் வரலாற்று நூல்களும் இதழ்களும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களையும் அவற்றை ஒட்டிய பாடி, கொரட்டூர், திருமுல்லைவாயில், திருமழிசை முதலிய ஊர்களையும் பற்றிய வரலாற்றுச் செய்திகள் பல வகை வெளியீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. சென்னை நகர வரலாற்று நூல்கள், பழைய செங்கல்பட்டு மாவட்ட ஆவணங்கள், கல்வெட்டு இதழ்கள், கோயில் தலவரலாறுகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. செய்திகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றைத் தொகுத்தவர்களில் பெரும்பாலோர் புனித ஜார்ஜ் கோட்டையின் மதில் மேல் நின்று மேற்கே பார்த்தவர்கள். அதனால் இவ்வூர்கள் கோட்டைக்கு வரும் வழியாகவே எழுதப்பட்டுள்ளன.

கோட்டையிலிருந்து எழுதிய வரலாறு

சென்னை வரலாற்றின் அடிப்படை நூல் ஹெச்.டி. லவ் எழுதி 1913-ல் வெளிவந்த 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மெட்ராஸ்'. 1640 முதல் 1800 வரையிலான கம்பெனி ஆவணங்களைத் தொகுத்து மூன்று தொகுதிகளாகவும் ஒரு சொல்லடைவுத் தொகுதியாகவும் அமைந்தது. பூந்தமல்லி இந்நூலில் அடிக்கடி வருகிறது. நிலம் கொடுத்த நாயக்கரின் குடும்பத்தார் இருந்த ஊர், கோல்கொண்டா அதிகாரி இருந்த ஊர், படை தங்கிய ஊர், நவாபிடமிருந்து பெற்ற நாட்டின் தலைமையிடம் என்று அது பல வேடங்களில் தோன்றும். ஆனால் கோட்டைக்கு அதனால் நன்மையோ தொல்லையோ நேரும்போது மட்டுமே தோன்றும். தொல்லை தீர்ந்ததும் ஊர் மறைந்துவிடும்.

இதை லவ்வின் குறை என்று சொல்வது முழு நியாயமாகாது. அவர் கையாண்ட ஆவணங்கள் அப்படிப்பட்டவை. ஆனால் அதே ஆவணங்களைத் திருப்பிப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. 1639-ல் பிரான்சிஸ் டே நிலம் கேட்டுப் பேசியபோது தாமர்ல வேங்கடாத்ரியின் உடன்பிறந்தவரான அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், கோல்கொண்டாவின் சார்பில் இப்பகுதியை ஆண்ட லிங்கப்பா, கோட்டைக்குச் செல்லும் சரக்குகளைத் தடுத்துக் கம்பெனியைப் பணிய வைக்க முயன்றார். அரிசியும் துணியும் மேற்கிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. அன்றைய நிலையில் கோட்டைதான் பூந்தமல்லியின் புறநகர். நகர வரலாற்று நூல்கள் இந்த நிகழ்ச்சியைக் கம்பெனி ஆளுநர்களின் பொறுமைக்குச் சான்றாகச் சொல்லிக் கடந்துபோகின்றன.

சி.எஸ். சீனிவாசாச்சாரி 1939-ல் நகரின் முந்நூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி எழுதிய நகர வரலாறு, கோட்டைக்கு வெளியே இருந்த பழைய ஊர்களுக்கு லவ்வை விடக் கூடுதல் இடம் தருகிறது. ஆனாலும் நகருக்குள் சேர்ந்துவிட்ட ஊர்களோடு அவருடைய கவனம் பெரிதும் நின்றுவிடுகிறது. எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' (1981) நூலும், அவர் 1991-ல் தொடங்கிய 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழும் நகர வரலாற்றைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தவை. பழைய கட்டடம் ஒன்று இடிபடும்போது அதைப் பற்றி எழுதவும் வழக்காடவும் ஒரு தலைமுறையைப் பழக்கியவர் முத்தையா. அந்தப் பங்களிப்பு பெரியது. ஆனால் 'பாரம்பரியம்' என்ற சொல் அவ்விதழில் பெரும்பாலும் கட்டடத்தையே குறித்தது. தூணும் வளைவும் உள்ள கட்டடங்கள் மவுண்ட் ரோட்டிலும் எழும்பூரிலும் இருந்தன. அம்பத்தூரில் இருந்தவை ஏரியும் ஆயக்கட்டும். அவற்றைப் படம் பிடித்து அட்டையில் போடுவது கடினம்.

தமிழில் நரசய்யாவின் 'மதராசபட்டினம்' (2006) ஆங்கில மூலங்களின் செய்திகளைச் சரளமாகத் தருகிறது. மாணவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற நூல். அதன் வரைபடமும் கோட்டையை நடுவில் வைத்ததுதான்.

பெயர்க்காரணங்கள்

நகர வரலாறுகள் விட்ட இடத்தைத் தலவரலாறுகளும் விழா மலர்களும் நிரப்பின. இவை முதலில் பெயர்க்காரணம் சொல்லும். அம்பத்தூர் 108 சக்தித் தலங்களில் 51-ஆவது என்பதால் 'ஐம்பத்தொன்றாம் ஊர்' என்பது மருவியது என்பார்கள். பூந்தமல்லி, பூவில் இருந்த வல்லியால் 'பூவிருந்தவல்லி' ஆனது என்பார்கள். ஆவடியோ, 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் முதலெழுத்துகள் என்று போட்டித்தேர்வுக் கையேடுகள் வரை ஏறிவிட்டது.

இவற்றை ஒரே தட்டில் வைக்கக்கூடாது. முதல் இரண்டும் பக்தி சார்ந்த ஊர்நினைவுகள். அவை எப்போது, யாரால் சொல்லத் தொடங்கப்பட்டன என்று கேட்பதே பயனுள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகள் புழல் கோட்டத்தின் உட்பிரிவாக 'அம்பத்தூர் நாடு' ஒன்றைக் குறிப்பிடுகின்றன. அம்பத்தூர் வெறும் ஊராக அன்றி ஒரு நாட்டின் பெயராகவே இருந்தது என்ற இச்செய்தி, 51 என்ற எண்ணைவிட அவ்வூருக்குப் பெருமை தருவது. ஆனால் பெரும்பாலான மலர்களில் இது இடம்பெறுவதில்லை.

ஆவடிக் கதை வெறும் பிழை. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே அமைந்தது 1961-ல். தொழிற்சாலைக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்தது. அந்தச் சுருக்கம் 'அண்ட்' என்பதை எண்ணிக்கொண்டு 'ஆஃப்' என்பதை விட்டுவிடுவதையும் யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே அங்கு ராணுவக் கிடங்கு இருந்தது என்பது உண்மை. அந்த உண்மையின் மீது வேடிக்கையாக ஒட்டப்பட்ட விளக்கம் பின்னர் வரலாறாகிவிட்டது.

ஆனாலும் விழா மலர்களைத் தள்ளிவிட வேண்டியதில்லை. திருமுல்லைவாயில் சுந்தரராலும் பாடியிலுள்ள திருவலிதாயம் சம்பந்தராலும் பாடப்பெற்றவை. பூந்தமல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். இத்தகைய கோயில்களின் குடமுழுக்கு மலரில் முதல் பத்துப் பக்கங்கள் புராணம். கடைசிப் பக்கங்களில் உபயதாரர் பட்டியலும் கட்டளைகளின் விவரமும் கடைகளின் விளம்பரமும் இருக்கும். வரலாற்று மாணவர் பின்பக்கத்திலிருந்து படிக்கவேண்டிய நூல்வகை இது. கல்வெட்டு வாசகங்களுக்கு மாநிலத் தொல்லியல் துறையின் 'கல்வெட்டு' காலாண்டிதழும், தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் 'ஆவணம்' இதழும் நம்பகமானவை. இவ்விதழ்கள் பாடத்தைத் துல்லியமாகத் தருகின்றன. அந்த ஊர் இன்று எந்தப் பேருந்து நிறுத்தத்தருகே இருக்கிறது என்ற அளவுக்குக்கூட வாசகருக்கு இறங்கி வருவதில்லை.

செங்கல்பட்டு ஆவணங்கள்

இவ்வூர்களின் வரலாறு உண்மையில் செழிப்பாக இருக்கும் இடம் பழைய செங்கல்பட்டு மாவட்ட ஆவணங்களே. 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி பெற்ற ஜாகீரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் நிலம், ஏரி, தோப்பு, கோயில், வீடுகள், அவற்றில் வாழ்ந்தோரின் தொழில், ஒவ்வொருவருக்கும் விளைச்சலில் இருந்த பங்கு ஆகியவை பதிவாயின. கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைகளிலிருந்தே இது தொகுக்கப்பட்டது. தரம்பால் இவ்வாவணங்களின் பக்கம் ஆய்வாளர்களைத் திருப்பினார். சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் 2001-ல் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகளை நூலாக்கியது. ஒரு சிற்றூரில் யார் யார் என்ன செய்தார்கள் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் நூல்கள் தமிழில் குறைவு. தரம்பால் வழிவந்தோர் இதில் இணக்கமான ஒரு பழைய சமூகத்தைக் காண்கிறார்கள். பங்கு குறைந்தவர்களும் பங்கே இல்லாதவர்களும் அதே கணக்கில்தான் இருக்கிறார்கள் என்பதை வாசகர் மறக்கக்கூடாது.

அந்த மறதிக்கு மாற்று மருந்தாகப் படிக்கவேண்டியது ரூபா விஸ்வநாத் எழுதிய 'தி பறையா பிராப்ளம்' (2014). செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் வந்த 1010-ஆம் எண் அரசாணையும் பஞ்சமி நிலத்துக்கு அடித்தளம். மிராசுதாரர்கள் அந்நிலம் கிடைக்காமல் செய்த வழிகளையும், அரசு அதற்கு இடம்கொடுத்ததையும் இந்நூல் விரிவாகக் காட்டுகிறது. இடையில் யூஜின் இர்ஷிக்கின் 'டயலாக் அண்ட் ஹிஸ்டரி' (1994) இருக்கிறது. 1795 முதல் 1895 வரை இம்மாவட்டத்தைப் பற்றிய அறிவை ஆங்கிலேயரும் ஊர் மக்களும் சேர்ந்தே உருவாக்கினர் என்பது அவர் வாதம். கூர்மையான நூல்தான். ஆனால் வரி வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் நடந்ததை உரையாடல் என்று அழைக்க எல்லோருக்கும் மனம் வராது.

மாணவர்களை அலைக்கழிப்பது எல்லை மாற்றம். பூந்தமல்லியையும் அம்பத்தூரையும் பழைய ஆவணங்களில் சைதாப்பேட்டை வட்டத்தில் தேடவேண்டும். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. சார்லஸ் குரோல் 1879-ல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டை 'சென்னைக்கு வெளியே' என்று ஒதுக்கிவிட்டு அம்பத்தூர் வரலாறு எழுதப் புகுவோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு வெள்ளம் வந்தபோதும், கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றபோதும் முதலில் எழுந்த கேள்வி, ஏரியின் எல்லை எது, கால்வாய் எங்கே போயிற்று என்பதே. அதற்கான வரலாற்று விடைகள் ஆவணக் காப்பகத்திலும் வருவாய்த்துறைப் பதிவேடுகளிலும் உள்ளன. தெரு மக்கள் படிக்கக்கூடிய நூலாக அவை வரவில்லை.

ஆலைகளின் காலம்

1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், பின்னர் வந்த டன்லப், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., 1960-களின் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவை இப்பகுதியை ஒரே தலைமுறையில் மாற்றின. இந்த மாற்றம் நிறுவனங்களின் பக்கமிருந்து எழுதப்பட்டுள்ளது. முருகப்பா குடும்பத்தின் ஏ.எம்.எம். அருணாசலம் பற்றி முத்தையா எழுதிய வாழ்க்கை வரலாறு அவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பியவர்களின் பக்கமிருந்து எழுதப்பட்ட வரலாறு அந்த அளவுக்கு வளரவில்லை. தமிழ்மகனின் 'வெட்டுப்புலி' (2009) திருவள்ளூர் வட்டாரத்துக் குடும்பங்கள் வழியாகத் திராவிட இயக்கமும் சினிமாவும் ஊருக்குள் வந்த விதத்தைச் சொல்கிறது. நாவல் என்பதால் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் எந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று அது சொல்லித் தருகிறது. டன்லப்பிலும் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் முதல் அணியாகச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கைகளும் அவர்கள் வீட்டுப் பரண்களில் உள்ளன. வீடு இடித்து அடுக்ககமாகும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவதும் அவைதான்.