தபால் விமானியின் மடல்களில் விளியும் மதிப்பும்

பிரெஞ்சு எழுத்தாளர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி (1900–1944) புகழ் பெறுவதற்கு முன்பே தபால் விமானியாகப் பணிபுரிந்தவர். 1926இல் துலூசிலிருந்து இயங்கிய லாத்தெகோவேர் நிறுவனத்தில் சேர்ந்த அவர், 1927இல் சகாராவின் மேற்குக் கரையிலுள்ள ஜுபி முனை நிலையத்திற்குப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார். அன்று ஸ்பெயினின் ஆளுகையிலிருந்த அவ்வெல்லைப்புற நிலையம், இன்று மொராக்கோவின் தர்ஃபாயா ஆகும். ஒருபுறம் கடல், மறுபுறம் மணல், இடையே ஒரு கோட்டை, அதனை ஒட்டி ஒரு மரக்கொட்டகை. பாலைவனத்தில் இறங்க நேர்ந்த விமானிகளை மீட்பதும் அவருடைய கடமையாக இருந்தது. அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் தாய்க்கு எழுதிய மடல்கள் 1955இல் நூலாக வெளிவந்தன.

இம்மடல்களை, ஜுபியில் உருவாகி 1929இல் வெளிவந்த அவரது முதற் புதினத்திற்குரிய மூலப்பொருளாக மட்டும் காண்பது பொருந்தாது. இவற்றின் உயிர்நிலை விளியில் உள்ளது. 'பெத்தீத் மமான்' என்று தாயை அழைக்கும் மகன், அவரை 'வூ' என்னும் மதிப்புப் பன்மையாலேயே சுட்டுகிறார். ஒருமையான 'த்யு' வருவதில்லை. உயர்குடி வழக்கு பன்மையைத் தருகிறது; கொஞ்சல் 'பெத்தீத்' என்னும் அடையில் நிற்கிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன.

தமிழாக்கத்தில் இவ்விணைப்பு எளிதில் சிதைந்துவிடும். 'பெத்தீத்' என்பதற்குச் 'சிறிய' என்பதே அகராதிப் பொருள். ஆயினும் 'சின்ன அம்மா' என்றால் தமிழர் சிற்றன்னையையே கருதுவர், உறவே மாறிவிடுகிறது. 'குட்டி அம்மா' என்பது சிறுமியை நினைவூட்டும். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்பதோ மடல் மரபின் வாய்பாடு. அதில் கொஞ்சல் இல்லை. மேலும், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாயை 'நீ' என்பதே நெருக்கம். 'நீங்கள்' சற்று விலக்கம். நெருக்கம் கருதி 'நீ' என்றால் அக்குடும்பத்தின் பண்பாடு மறையும். 'நீங்கள்' என்று மட்டும் கொண்டால் குளிர்ந்த நடை தோன்றும்.

'என் செல்ல அம்மா' என்னும் விளியோடு 'நீங்கள்' என்பதை இறுதிவரை பேணுவதே ஏற்புடையது எனலாம். 'செல்லம்' மூத்தோர் இளையோர்க்கு வழங்கும் சொல் என்று மறுப்பு எழலாம். ஆனால் மூலத்திலும் நிகழ்வது அத்தலைமாற்றமே. 1904இல் கணவரை இழந்து ஐந்து மக்களை வளர்த்த தாயைத் தேற்றிக் காக்க விழையும் மகனின் குரல் அது. மகளை 'அம்மா' என்றழைக்கும் தந்தையரைக் கொண்ட தமிழுக்கு இத்தலைமாற்றம் அயலானதன்று.

1944 சூலை 31இல் அவர் விமானத்தோடு மறைந்தார். அம்மாதத்தில் எழுதிய இறுதி மடல் 1945இலேயே தாயின் கையை அடைந்தது. பிறர் மடல்களைச் சுமந்தவரின் மடல் காலம் தாழ்ந்து சேர்ந்தது. அதனைத் தமிழில் சேர்ப்பிப்பவர் விளியை வழியில் தவறவிடலாகாது.