மோட்டார்ஹோம் டேஷ் ஹீட்டர்: குளிர் எங்கிருந்து வருகிறது?

மோட்டார்ஹோமின் டேஷ் ஹீட்டர் எதையும் எரித்து வெப்பம் உண்டாக்குவதில்லை. ஓடும் எஞ்சின் வெளியே தள்ளும் சூட்டில் ஒரு பங்கை எடுத்து, ஓட்டுநரின் காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் கொண்டுவருவதே அதன் வேலை. எஞ்சினில் சூடேறிய கூலன்ட் ரப்பர் ஹோஸ் வழியே டேஷ்போர்டுக்குள் உள்ள சிறிய ரேடியேட்டருக்கு வருகிறது. ஹீட்டர் கோர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஃபேன் அதன் ஊடே காற்றை வீச, பெட்டிக்குள் இருக்கும் சிறு கதவுகள் அந்தக் காற்றைக் காலுக்கோ முகத்துக்கோ கண்ணாடிக்கோ திருப்பிவிடுகின்றன. காரிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் காரின் எஞ்சினையும் டேஷ்போர்டையும் ஒரே கம்பெனி வடிவமைக்கிறது. மோட்டார்ஹோமில் அப்படி இல்லை. அதன் ஹீட்டர் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் ஓடும், பஸ் போலத் தட்டையான முகம் கொண்ட பெட்ரோல் மோட்டார்ஹோம்களை எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் ஏராளமானவை ஃபோர்டின் எஃப்-53 சேசிஸ் மேல் கட்டப்பட்டவை. 1999 மாடல் தொடங்கிப் பல ஆண்டுகள் அந்தச் சேசிஸில் இருந்தது 6.8 லிட்டர் வி10 எஞ்சின். ஃபோர்டு தருவது எஞ்சினும் சேசிஸும் மட்டுமே. மேலே வீட்டைக் கட்டுவதும் டேஷ்போர்டைப் பொருத்துவதும் வேறொரு கம்பெனி. ஹீட்டரும் ஏசியும் சேர்ந்த பெட்டி பெரும்பாலும் மூன்றாவது ஒரு தயாரிப்பாளருடையது. ஆகவே ஒரே சேசிஸ் உள்ள இரண்டு வண்டிகளில்கூட ஹோஸ் போகும் வழி வேறு, வால்வு இருக்கும் இடம் வேறு. எஞ்சினுக்கான சர்வீஸ் புத்தகம் எஞ்சினோடு நின்றுவிடும். உதிரிபாகம் வாங்கும் முன் ஹோஸ்களை விரலால் தொடர்ந்து சென்று ஒரு தாளில் படம் வரைந்துகொள்வது, பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சோதனை கூலன்ட் அளவில் தொடங்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்கலாம். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். அளவு குறைந்திருந்தால் காற்று உள்ளே நுழைந்து, உயரத்தில் இருக்கும் ஹீட்டர் கோரில் தங்கிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து களகளவென்று நீரோடும் சத்தம் கேட்டால் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூக்கு மேடாக இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கூலன்டை நிரப்பினால் காற்று வெளியேறும். அளவு மறுபடி குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். கேபினில் இனிப்பு வாடை, கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் படியும் பிசுக்கு, பயணியின் காலடியில் ஈரம் ஆகிய மூன்றும் கோரே ஒழுகுகிறது என்பதற்கான அடையாளங்கள்.

அளவு சரி என்றால் அடுத்தது எஞ்சின் சூடு. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் திறக்க வேண்டும். நெடுஞ்சாலையில் கால்மணி நேரம் ஓட்டிய பின்னும் டேஷ்போர்டு முள் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிவிட்டது என்று பொருள். இதற்கு ஆகும் செலவு குறைவு. ஹீட்டரைக் குறை சொல்லிப் பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் பார்க்கத் தவறுவது பரவலான பிழை.

எல்லாவற்றிலும் மதிப்பு மிக்க சோதனைக்குக் கருவியே வேண்டாம். எஞ்சின் சூடேறி, ஹீட்டர் முழு வெப்பத்தில் இருக்கும்போது, கோருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் தொட்டுப் பார்ப்பதுதான் அது. சுழலும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை எட்டாத இடத்தில் தொட வேண்டும். இரண்டும் சூடாக இருந்து, திரும்பும் ஹோஸ் சற்றே ஆறியிருந்தால் நீரோட்டம் சரியாக இருக்கிறது. பழுது காற்றின் பக்கம். ஒன்று கொதித்து மற்றது சில்லென்றிருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது வால்வு மூடிக் கிடக்கிறது. இரண்டுமே ஆறிக் கிடந்தால் காற்று அடைப்பு, நசுங்கிய ஹோஸ், அல்லது கோருக்கு வெகு முன்னாலேயே மூடிய வால்வு.

இந்த வால்வை முதலில் சந்தேகிப்பது நியாயம். ஏசி ஓடும்போது சூடான கூலன்ட் கோருக்குள் புகாமல் தடுப்பதற்காக வைத்தது அது. சில வண்டிகளில் கேபிள் இழுக்கிறது, சிலவற்றில் வாக்குவம், சிலவற்றில் சிறு மோட்டார். கோடை முழுவதும் மூடிக் கிடந்த வால்வு குளிர்காலத்தில் திறக்க மறுப்பதுண்டு. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு ஹோஸையும் நேர்க்குழாய்த் துண்டால் இணைத்து ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி வால்வா கோரா என்பது தெளிவாகிவிடும். கோர்தான் என்றால் இரு ஹோஸையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தோட்டக்குழாயால் மெல்லத் தண்ணீர் விட வேண்டும். வேகம் கூடினால் கோரின் மெல்லிய குழாய்கள் கிழியும். வெளிவரும் கூலன்டைத் தரையில் விடக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நக்கும் நாயைக் கொல்லும்.

சில வண்டிகளில் அதே கூலன்ட் வீட்டின் வெந்நீர்த் தொட்டிக்கும் போய்த் திரும்புகிறது. ஓடும்போதே குளிக்க வெந்நீர் தயாராவது நல்ல வசதிதான். காற்று தங்க இன்னொரு மூலையும் கூடவே கிடைக்கிறது.

காற்றின் பக்கம் வந்தால், ஃபேன் சுழலவே இல்லையா, முழு வேகத்தில் மட்டும் சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். முழு வேகம் மட்டும் கிடைத்தால் ரெசிஸ்டர் போய்விட்டது. சுழலவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் வயர் என்று வரிசையாகப் பார்க்கலாம். சத்தம் இருந்தும் காற்று வராவிட்டால் எலிக்கூடு. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் இது அபூர்வமல்ல.

அதிகம் குழப்புவது வாக்குவம். பல பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் காற்றைத் திருப்பும் கதவுகள் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டு உறிஞ்சும் விசையால் இயங்குகின்றன. விசை போனால் கதவுகள் ஸ்பிரிங்கால் தாமாகவே கண்ணாடிப் பக்கம் திரும்பும். கண்ணாடி மறைக்காமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை என்பதால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. வடிவமைப்பில் பாராட்டத்தக்க அம்சம். சமவெளியில் காலுக்கு வந்த சூடு, மலை ஏறத் தொடங்கியதும் கண்ணாடிக்கு ஓடிவிடுகிறது என்றால் ஹீட்டர் கெடவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மேனிஃபோல்டில் வாக்குவம் வீழ்கிறது. அந்த நேரத்துக்குக் கைகொடுக்க வேண்டிய சேமிப்புக் குடுவை ஒழுகுகிறது, அல்லது அதற்கு முன்னுள்ள ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. எஞ்சின் சூட்டில் பல ஆண்டு வெந்து வெடித்த மெல்லிய குழாயும் இதையே செய்யும். கையால் இயக்கும் வாக்குவம் பம்பை ஒவ்வொரு கிளையிலும் மாட்டி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஐடிலில் நல்ல எஞ்சின் கடல்மட்டத்தில் 18 முதல் 22 அங்குலப் பாதரச அளவு காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கால் குளிர்ந்தால், குளிர் வேறு வழியில் வருகிறது. பெடல்களைச் சுற்றியும், வயர்கள் நுழையும் துளைகளிலும், இருக்கைகளுக்கு நடுவே எஞ்சினை மூடும் பெட்டியின் ஓரங்களிலும் காற்று புகும். வெளிக்காற்றுக் கதவு முழுதாக மூடாமல் நின்றாலும் இதே கதிதான். தளர்ந்த ரப்பர் பட்டைகளை மாற்றினால் கிடைக்கும் பலன், புதுக் கோர் போட்டுக் கிடைப்பதைவிடப் பல வண்டிகளில் அதிகம்.

எஞ்சின் பின்னால் உள்ள டீசல் மோட்டார்ஹோம்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். கூலன்ட் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து வர வேண்டியிருப்பதால் சூடேறத் தாமதமாகும். டீசல் எஞ்சினில் மேனிஃபோல்டு வாக்குவம் கிடைக்காததால் தனி பம்போ காற்றழுத்தமோ அந்த வேலையைச் செய்யும்.

பழுதில்லாத டேஷ் ஹீட்டரும் முன் இருக்கைகள் இரண்டையும் கண்ணாடியையும் மட்டுமே காக்கும். பின்னால் படுத்திருப்பவருக்குச் சூடு வேண்டுமென்றால் ஓட்டுநர் பகுதிக்குப் பின்னே கனத்த திரை ஒன்று தொங்கவிட்டு, வீட்டுப் பகுதிக்குத் தனி ஏற்பாடு செய்வதே சரி. ஆனால் அந்த ஏற்பாடு ப்ரொப்பேன் ஹீட்டர் என்றால், அதை எரியவிட்டபடி பெட்ரோல் பங்கில் நுழைய வேண்டாம். அது அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இறங்கிப் பாருங்கள்.