டார்ச்லைட்டில் தொடங்கும் கணினிப் பாடம்

"நிரலாக்கம் படிக்க எந்தப் புத்தகம் நல்லது சார்?" என்று படிவம் 3 மாணவர்கள் கேட்டால், நம்மில் பலர் உடனே ஒரு பைதான் கையேட்டைக் காட்டிவிடுகிறோம். பிள்ளைங்க அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வாங்க. திரையில் விடையும் வரும். ஆனா, உள்ளே என்ன நடந்ததுன்னு கேட்டா பதில் வராது.

அந்தக் குறைக்கு நான் பரிந்துரைப்பது சார்லஸ் பெட்சோல்ட் எழுதிய 'கோட்' (1999, இரண்டாம் பதிப்பு 2022). எதிரெதிர் வீட்டு நண்பர்கள் இருவர் இரவில் டார்ச்லைட் அடித்துப் பேசிக்கொள்வதில் தொடங்குகிறது புத்தகம். மோர்ஸ், பிரெயில், தந்தி ரிலே, தர்க்க வாயில் என்று படிப்படியாக ஏறி, எண்களைக் கூட்டும் மின்சுற்று வரை கொண்டுபோகிறார். பிரெயிலில் 6 புள்ளிகள். ஒவ்வொன்றும் மேடாக இருக்கும், அல்லது இருக்காது. ஆக 64 வடிவங்கள். இது புரிந்த பிள்ளைக்குப் 'பிட்' என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. பிற்பாதியில் செயலி பற்றிய அத்தியாயங்கள் கனமானவை, பெரியவங்களே திணறுவாங்க. பைதான் போன்ற மொழியில் பயிற்சியும் இதில் கிடைக்காது. தமிழ் உதாரணத்தை நாம்தான் சேர்க்கணும்: 'கி' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடிலோ ககரமும் இகரக் குறியுமாக 2 குறியீடுகள்.

ஆகவே, முழுப் புத்தகத்தையும் மாணவர் கையில் கொடுத்துவிடாதீங்க. முதல் சில அத்தியாயங்களை நாம் படித்து, வகுப்பில் தமிழில் சொல்லலாம். ஒரு டார்ச்லைட் போதும். பைதான் அடுத்த வாரம் வரட்டும்.