பட்டம் வேண்டாமாம்! யாருக்கு?

'டிகிரி எதுக்கு? ஆறு மாசம் கோடிங் படி, வேலைக்குப் போ' என்கிற பேச்சு இப்போது நம் தெருவுக்கும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ.யா, பூட்கேம்ப்பா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் இதற்குப் பதில் கிடையாது.

உதாரணத்துக்கு பில் கேட்ஸை இழுப்பார்கள். 1975இல் ஹார்வர்டைப் பாதியில் விட்டவர்தான். ஆனால் அப்பா வக்கீல். 1968லேயே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டவர். நான் தொட்டது பதினெட்டு வயசில், நாலு பேருக்கு ஒரு பெட்டி. அவர் படிப்பை விட்டால் மேதை. நம்ம புள்ள விட்டா 'படிப்பு ஏறல'. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருக்கிறவனுக்குப் படிப்புப் பட்டம் தேவைப்படாமல் போகலாம். நமக்கு?

அமெரிக்காவில் பூட்கேம்ப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே ஏதாவது பட்டம் வாங்கியவர்கள். சோத்துக்கு மேல ஊத்துன குழம்பு அது. இங்கே சோறே வேணாம், குழம்பு போதும்னு விக்கிறான். 'வேலை கிடைச்சப்புறம் காசு குடு' என்ற புளூம்டெக் மீது 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. கடனைக் கடனில்லை என்றது, வேலை கிடைத்தவர் கணக்கை ஊதிக் காட்டியது: இவைதான் குற்றம். கடன்னு சொல்லாம கடன் குடுக்கிறவனை நம்ம பாட்டன் காலத்துலயே பாத்தாச்சு.

என்ஜினியரிங் கலந்தாய்வில் பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு, பழங்குடிக்கு 1 விழுக்காடு. உதவித்தொகை உண்டு. 2007இல் நுழைவுத் தேர்வும் ஒழிந்தது. எல்லாம் போராடி வாங்கியவை. பூட்கேம்ப்பில் இட ஒதுக்கீடு இல்லை; கடைக்காரனும் காசும்தான். தனியார் கம்பெனியிலும் இல்லை. ஆக, பட்டத்தைக் கழித்துவிட்டால் இந்தப் பாதையில் சட்டம் நமக்குத் துணைக்கு வருகிற இடம் ஒன்றுகூட மிஞ்சாது. 'திறமை போதும்' என்கிற சொல் இதைத்தான் மூடி மறைக்கிறது. அந்தத் திறமையை எவன் அளக்கிறான்? இங்கிலீஷையும் சிபாரிசையும் சேர்த்தே அளக்கிறான்.

இதனால் கல்லூரிகள் யோக்கியம் என்று ஆகிவிடாது. நான் படித்த சுயநிதிக் கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சரை மனப்பாடம் பண்ணினோம், ரெக்கார்டு நோட்டு எழுதினோம். சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதவில்லை. இன்டர்வியூவில் கேட்பது அதே டேட்டா ஸ்ட்ரக்சரைத்தான். இன்னிக்கு ரியாக்ட், நாளைக்கு வேற ஒண்ணு வரும். அடிப்படை தெரிஞ்சவன் மாறிக்குவான். அந்த அடிப்படைக்குத்தான் நாலு வருசம். அதைத் திருடுகிற கல்லூரியை விட்டுவிட்டு, பையனைப் பார்த்து 'டிகிரியை விடு' என்பது என்ன நியாயம்?

2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. அது பேருக்கு நடக்கிறதா, நிஜமாக நடக்கிறதா என்று கேட்க வேண்டியது மாணவர் அமைப்புகளின் வேலை. லேபை ராத்திரியும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கேளுங்கள். கோடிங்கையும் கத்துக்குவோம், பட்டத்தையும் விட மாட்டோம்.