அடைத்த கதவும் அடையாத வாயிலும்

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் வழியாக மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் சாலை, பழைய ஓய்மாநாட்டின் ஊடே செல்வதாகும். அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட நூல், பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளால் அமைந்த அதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என ஆய்வாளர் பலர் கருதுவர். வீரன் எனத்தக்கவன் யார் என்னும் வினாவை முன்வைத்து, ஹோமரின் இலியட்டோடு ஒருங்கே படிக்கத்தக்க நூல் இது.

இலியட்டின் தலைவனான அக்கிலீஸின் முன் இரு வழிகள் உள்ளன. போர்க்களத்தில் நின்றால் குறுகிய வாழ்நாளும் அழியாப் புகழும். ஊர் திரும்பினால் புகழற்ற நீண்ட வாழ்வு. அவன் முன்னதையே தேர்கிறான். இதனைக் கொண்டு, கொல்லும் ஆற்றலும் சாவுக்கு அஞ்சாமையுமே கிரேக்க வீரம் என்று முடிவு கட்டுவோர் உளர். ஆனால் காவியம் அவன் வெற்றியோடு நின்றுவிடவில்லை. இறுதியான 24ஆம் காண்டத்தில், பகைவேந்தன் பிரியாம் தன் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு இரவில் அவன் குடிலுக்கு வருகிறான். அக்கிலீஸ் அவனோடு சேர்ந்து அழுகிறான், உடலைத் தருகிறான், தன் கையாலேயே இறைச்சியைப் பகிர்ந்து அம்முதியவனை உண்ணச் செய்கிறான். சினத்தில் தொடங்கிய காவியம் ஈகையில் தணிகிறது.

காவியம் இறுதியில் சென்றடையும் இவ்விடத்தை நத்தத்தனார் தம் நூலின் நடுவாகவே வைக்கிறார். நல்லியக்கோடனின் போர்வலிமையும் பாடப்பெறுகிறது. எனினும் வள்ளல்கள் எழுவர் சுமந்த ஈகையின் நுகத்தை அவன் ஒருவனே தாங்கினான் என்பதே அவன் பெருமையின் உச்சம். அவனிடம் பரிசில் பெற்ற பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். பசியால் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் கடற்கரைக்குரிய தலைவனைப் பாடும் நூலில், வறுமைக்கு அளவுகோலாக உப்பில்லாக் கீரை வருவது கருதத்தக்கது. அந்த அடைத்த கதவுக்கு மறுமொழியாக அமைவதே தலைவனின் அடையாத வாயில். அங்கு அவனே உடன்நின்று உண்பிக்கிறான்.

இங்கு ஒரு குறையையும் சுட்டியாக வேண்டும். அவ்வாயில் திறந்திருப்பது பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் என்றே நூல் சொல்கிறது. வழியில் உப்பு வண்டிகளோடு செல்லும் உமணர் அங்கு வந்ததாகச் செய்தி இல்லை. பாடத் தெரிந்தவனுக்குக் கிடைத்தது, உழைத்தவனுக்கும் கிடைத்ததா என்று நாம் கேட்கலாம்.

நம் காலத்தில் நாயகன் என்னும் சொல் திரையில் தோன்றுபவனுக்கு உரியதாயிற்று. பலரால் பார்க்கப்படுவதே அவன் தகுதி. இப்பார்வை ஈகையையும் தொற்றிவிட்டது. 2004இல் ஆழிப்பேரலையையும் 2024இல் ஃபெஞ்சல் புயலையும் கண்டது இக்கடற்கரை. இத்தகைய பேரிடர்களின்போது அரிசிப் பையை நீட்டும் கையோடு புகைப்படக் கருவியும் வருகிறது. கொடுப்பவர் முகம் விளங்கவேண்டி, பெறுபவர் முகமும் படமாகிறது. பாணன் மனைவி நாணி அடைத்த கதவை நாம் திறக்கவில்லை, உடைக்கிறோம்.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலைத் தமிழ் மக்கள் நினைவுகூர்கின்றனர். கொடை வாங்கியவர் வழியாக நிலைத்த புகழ் அது. மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை நின்றபின், அங்கு உழைப்போர் வீட்டு அடுப்பை எண்ணி, அவர்தம் நாணத்துக்கு ஊறு நேராமல் உதவுபவர் எவரோ அவரையே வீரர் எனல் தகும். அவரைப் பாட நத்தத்தனார் இல்லாவிடினும் அத்தகுதி குறையாது.