பட்டியல் யார் கையில்?

டிசம்பர் மூன்றாம் வாரம். ஆலயத்தின் தென்பக்கம் பந்தல் போட்டிருக்கும். ஃபிளெக்ஸில் கொடுத்தவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். வாங்குகிறவர்கள் டோக்கனோடு வெயிலில் நிற்பார்கள். சேலை ஒன்று, அரிசி ஐந்து கிலோ, கேக் பொட்டலம் ஒன்று. ஐயர் ஜெபித்து முடித்ததும் ஒவ்வொரு பையையும் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் பிடித்துக்கொள்ள, கடைசியாக வாங்குகிறவர் கை வந்து சேரும். போட்டோக்காரர் “இங்க பாருங்க” என்பார். எங்கள் சேகரத்தில் இந்தக் கிறிஸ்துமஸ் வினியோகத்துக்கான பட்டியலை ஆறு வருடம் எழுதியவன் நான். எழுதும் முறை எளிது. போன வருடத்து நோட்டை எடுத்து, இறந்துபோனவர்களை அடித்துவிட்டு, கமிட்டிக்காரர்கள் சொல்லும் பெயர்களைச் சேர்த்துக்கொள்வது. தேர்தல் வரும் வருடங்களில் பட்டியல் கொஞ்சம் நீளும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆறாவது வருடம் ஒரு பெரியம்மா பையைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார். “தம்பி, சேலை வீட்டுல மூணு கெடக்கு. அரிசி ரேஷன்ல போடுதான். கண்ணு காட்ட ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போணும். துணைக்கு ஒரு ஆளு கெடைக்குமா?” என் பட்டியலில் அதற்குக் கட்டம் கிடையாது. “ஐயர்ட்ட சொல்லுதேன் பெரியம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

சபையாகச் சேர்ந்து ஏழைகளுக்கு ஊழியம் தொடங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனாலேயே இந்தக் காரியம் ஆராயப்படாமல் தப்பித்துவிடுகிறது. காணிக்கைக் கணக்குக்கு ஆடிட்டர் உண்டு, இரக்கத்துக்கு இல்லை. எப்படித் தொடங்கினால் அது உருப்படும், எப்படித் தொடங்கினால் தொடங்காமல் இருப்பதே மேல் என்று எடைபோட்டுப் பார்க்க நம்மிடம் அனுபவம் நிறையவே இருக்கிறது.

முதல் சபையின் பந்தி விசாரணையே புகாரில்தான் போய் நின்றது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், எருசலேமில் அன்றாட விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள். உள்ளூர் எபிரெயர்மேல் முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் சபையாரைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த ஏழு பேரின் ஆவி நிறைவையும் ஞானத்தையும் பேசி முடித்துவிடும். பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா யூதனாகப் பிறந்தவன்கூட இல்லை. அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவன். கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்ட எபிரெயரும் அன்று இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஏழுக்கு ஏழும் அப்படி அமைந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. எந்தப் பக்கத்து விதவைகள் விடுபட்டார்களோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். நாம் இன்றுவரை செய்யாதது அது ஒன்றுதான்.

சபை வழியாக ஏழைகளை விசாரிப்பதை ஒரு முறையாகவே வகுத்து நடத்திப் பார்த்தவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ். ஆலைகளும் தறிகளும் பெருகி, மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கிளாஸ்கோ நகரில் 1819இல் புனித யோவான் சேகரத்தைப் பொறுப்பேற்றார். சுமார் 10,000 பேர் கொண்ட சேகரம். நகரம் ஏழைகளுக்காகத் திரட்டிய வரியிலிருந்து ஒரு பென்னிகூட வேண்டாம், ஆலய வாசலில் விழும் காணிக்கையே போதும் என்று நகரசபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். சேகரத்தை 25 பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதவிக்காரரை வைத்தார். அதாவது ஒருவருக்கு ஏறக்குறைய 400 பேர். வீடுவீடாகப் போய் விசாரிக்க வேண்டும். உதவி கேட்டு ஒருவர் வந்தால் முதலில் அவரால் உழைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பிறகு சொந்தக்காரர், அதற்கும் பிறகு அக்கம்பக்கம். இவர்கள் யாராலும் முடியாதபோதுதான் சபை. வருடத்துக்கு 1,400 பவுண்டாக இருந்த செலவு 280 பவுண்டாக இறங்கியது. சால்மர்ஸ் இதைக் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த எண்ணிக்கையைத்தான் நான் நம்ப மறுக்கிறேன். கணக்கு பொய் என்று சொல்லவில்லை. செலவு குறைந்தது என்பதற்கும் வறுமை குறைந்தது என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அண்ணனிடம் கேட்டாயா, பக்கத்து வீட்டில் கேட்டாயா என்று வசதியான வீட்டு ஆள் ஒருவர் வாசலில் நின்று விசாரிக்கும்போது, வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் ஏறாது. சால்மர்ஸ் 1823இல் பேராசிரியராகச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனார். அவர் போன பிறகும் ஏற்பாடு தள்ளாடி நடந்து 1837இல் நின்றது. 1840இல் எடின்பரோ மருத்துவர் வில்லியம் அலிசன், காய்ச்சலும் வறுமையும் கைகோத்து வருகின்றன, சட்டப்படியான உதவி இல்லாமல் தீராது என்று வாதாடினார். 1845இல் ஸ்காட்லாந்துக்குப் புதிய ஏழையர் சட்டம் வந்தது. வாதத்தில் சால்மர்ஸ் தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் அவரை முழுதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 400 பேருக்கு ஓர் ஆள், அதுவும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஆள். இது எந்த அரசாங்கத்துக்கும் எளிதில் கைவராது. (1843இல் அவர் தலைமையில் பிரிந்த சுயாதீன சபையோடுதான், இன்று சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்திருக்கும் பள்ளியும் சேர்ந்துகொண்டது. நமக்கும் அவருக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு.) கண்டுபிடித்த கருவி சரி, அதை வைத்து அளந்ததுதான் தப்பு. எத்தனை பவுண்டு மிச்சம் என்று அளந்தார், எத்தனை பேர் நிமிர்ந்தார்கள் என்று அளக்கவில்லை.

இனி நம்மூர். 1876-78 தாது வருடப் பஞ்சம் திருநெல்வேலிச் சபைகளைப் புரட்டிப்போட்டது. 1877 ஜூலை தொடங்கி ஒரே வருடத்தில் எஸ்.பி.ஜி. மிஷன் சபைகளில் மட்டும் சுமார் 16,000 பேர் வந்து சேர்ந்ததாக அந்த மிஷனின் பிஷப் கால்டுவெல் கணக்குச் சொன்னார். ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏளனம் இன்றும் தொடர்கிறது. வந்தவர்கள் வயிற்றுக்காக வந்தார்கள் என்பதைக் கால்டுவெல் மறைக்கவில்லை. அடிமட்டத்தில் இருப்பவர்களிடம் ஆரம்பத்திலேயே உயர்ந்த நோக்கத்தை எதிர்பார்க்க முடியாது, வந்த பிறகு கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் வாதம். அதில் பாதியை ஒப்புக்கொள்வேன். சாகக் கிடக்கிறவன் எந்தக் கதவைத் தட்டினான் என்று குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. மறுபாதியை ஒப்புக்கொள்ள முடியாது. கேள்வி அவன் நோக்கத்தைப் பற்றியது மட்டும் அல்ல. கஞ்சி ஊற்றுகிற கையும் சபைப் பதிவேட்டில் பெயர் எழுதுகிற கையும் ஒன்றாக இருந்தால், அவன் மனதார வந்தானா என்பதை அவனாலேயே பிறகு சொல்ல முடியாமல் போகும். வந்தவர்களில் ஒரு பகுதியினர் பஞ்சம் தீர்ந்ததும் விலகினார்கள். அதே பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளை நாசரேத்தில் சேர்த்து வைத்துக்கொண்ட மிஷனரி மர்காஷிஸ், அவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார். அந்தத் தொழில் பஞ்சத்தோடு போய்விடவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த முன்மாதிரி இன்னும் பழையது. 1830இல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் பாளையங்கோட்டையை மையமாக வைத்துத் தொடங்கிய தர்ம சங்கம். மதம் மாறியதற்காக வீட்டையும் நிலத்தையும் விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி, குடியமர்த்துவதே அதன் வேலை. சேலையும் அரிசியும் அவர்களுக்கு உதவியிருக்காது. காலூன்ற மண் வேண்டியிருந்தது. இல்லாதது எதுவோ அதைக் கொடுத்தார்கள்.

இன்று இல்லாதது எது? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி இலவசம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முதியோர் உதவித்தொகை இருக்கிறது, மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இவ்வளவும் இருக்கும் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோ அரிசியைத் தூக்கிக் கொடுத்து அதற்கு ‘ஊழியம்’ என்று பெயர் வைப்பது அசட்டுத்தனம். பெரியம்மா அதைத்தான் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏழைக்கு இன்று குறைவது அநேகமாக இன்னொரு மனிதன்தான். ரேஷன் கடை மிஷினில் ரேகை பதியாத விரலை வைத்துக்கொண்டு மூன்றாம் முறை திரும்பி வரும் பாட்டிக்காகப் பேச ஓர் ஆள். தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுக்க, அடுத்த வாரமும் கூடப் போக ஓர் ஆள். காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்ளும். வார்டில் கூட இருக்கும் மகனின் சாப்பாட்டையும் அவன் இழந்த நாள் கூலியையும் அது பார்க்காது. இந்த இடம் காலியாக இருக்கிறது. இதை நிரப்பச் சபையைப் போல வசதியுள்ள அமைப்பு ஊரில் வேறில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார்கள், நர்ஸ் அக்காமார், வாலிபர் சங்கத்துப் பையன்கள் எல்லாரும் ஞாயிறுதோறும் ஒரே கூரையின்கீழ் உட்காருகிறார்கள்.

ஆனால் அதற்குச் சபை தன் வீட்டைப் பார்க்க வேண்டும். 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். இந்த மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்தால் சலுகை இழந்த பிள்ளை பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, வெளியே போய் ஏழையைத் தேடுகிற ஊழியத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இல்லம் தொடங்கலாமே என்பார்கள். பிள்ளைகள் இல்லம், முதியோர் இல்லம். வேண்டாம். 2015 சிறார் நீதிச் சட்டப்படி பிள்ளைகள் இல்லம் எதுவானாலும் பதிவு கட்டாயம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் வாங்கினால் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அந்தப் பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆனால் நான் வேண்டாம் என்பதற்குச் சட்டம் முதல் காரணம் அல்ல. தாய் உயிரோடிருக்கும் பிள்ளையை, ஏழை என்பதற்காக மட்டும் இல்லத்தில் சேர்ப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் உதவி ஆகாது. இல்லத்துக்குக் கட்டடம் வரும், கல்வெட்டு வரும், கல்வெட்டில் பெயர் வரும். அப்புறம் கட்டடத்தைக் காப்பாற்றவே ஊழியம் நடக்கும்.

நம்மிடமே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது, அசனம். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் கொடுத்து, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அங்கே டோக்கன் இல்லை, போட்டோ இல்லை. இலையைப் பார்த்து யார் கொடுத்தவர், யார் வாங்குகிறவர் என்று சொல்ல முடியாது. வருடத்தில் ஒரு நாள்தான் என்பது அதன் குறை. ஆனால் டிசம்பர் பந்தலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் எதைத் தொலைத்தோம் என்று தெரியும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கிறிஸ்துமஸ் வினியோகத்தை நிறுத்தலாம். யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள். இல்லம் கட்டவேண்டாம். ஊழியம் தொடங்குகிற சபை, உள்ளூர்க் காணிக்கையில் நடக்கக்கூடிய ஒரே ஒரு வேலையை எடுக்கட்டும். ஆஸ்பத்திரித் துணையோ, மனு எழுதுவதோ, எதுவானாலும் ஒன்று. உதவி தேவைப்படுகிறவர் கோயிலுக்குப் போகிறவரா, பள்ளிவாசலுக்குப் போகிறவரா என்று பட்டியலில் கேட்கக்கூடாது. கமிட்டியில் பாதிப் பேர் அந்த உதவி தேவைப்படுகிறவர்களாகவே இருக்கவேண்டும், பட்டியல் நோட்டும் அவர்களிடம் இருக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்குச் சபை சம்மதிக்காவிட்டால் ஊழியத்தைத் தொடங்காமல் விடுவதே நல்லது.

அந்தப் பெரியம்மா ஹைகிரவுண்டுக்குப் போனார், கண்ணும் காட்டினார். கூடப் போனது சபையார் யாரும் இல்லை. பக்கத்துத் தெருவில் முத்தாரம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற பையன்தான் கூட்டிக்கொண்டு போனான்.