நஞ்சறுப்பான் எங்கே போச்சு?

கரிமச் சேர்மங்களை ஆய்வகத்தில் செய்த வரலாறு என்று தமிழில் எதைத் திறந்தாலும் அதே வரிசைதான். 1828-ல் வோலரின் யூரியா, அப்புறம் பேயரின் செயற்கை அவுரிச் சாயம், 1935-ல் கரோதர்ஸின் நைலான். முடிஞ்சது. தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா, எங்க ஊர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலியில் படர்கிற நஞ்சறுப்பான் கொடி இந்தக் கதையில் எங்கே?

இளைப்புக்கு அதன் இலையைக் கொடுப்பது பழைய வழக்கம். நைலான் வந்த அதே 1935-ல், அதிலிருந்து டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார்கள் ரத்னகிரீஸ்வரனும் வெங்கடாசலமும். 1950-களில் சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியின் குழு அதன் அமைப்பைத் தேடியது. இன்றைய கருவிகள் அன்று ஏது? மூலக்கூறை உடைக்கணும், துண்டுகளை அடையாளம் காணணும், அதை வச்சு முழுசை ஊகிக்கணும். ஊகம் சரிதானா என்று உறுதி செய்ய, அதைத் தாங்களே கட்டிப் பார்க்கணும். லட்சுமிகாந்தம், ராஜதுரை இருவரோடும் சேர்ந்து 1961-ல் கட்டியும்விட்டார். யூரியா மாதிரி சின்ன மூலக்கூறு இல்லை இது. ஐந்து வளையங்கள் ஒட்டிக்கிடக்கிற பொருள்.

குறையும் சொல்லணும். செடி ஒரு கை வடிவத்தை மட்டும்தான் செய்கிறது. 1961-ல் கிடைத்தது இடக்கையும் வலக்கையும் சரிபாதி கலந்த கலவை. அமைப்பை நிரூபிக்க அது போதும், செடிக்கு ஈடு ஆகாது.

இதே கொடியைப் பற்றிப் பெருமையடிக்கும் வாட்ஸ்அப் பதிவுகளும் கோவிந்தாச்சாரி பேரைச் சொல்வதில்லை. அந்த இலை வாந்தி எடுக்கவைக்கும் என்பதையும்தான்.